ஸ்டெல்த் விமானத்தை நெடுஞ்சாலையில் இறக்குவது: மலேசியாவில் நமக்கு ஆகுமா ஆகாதா?

பட்டர்வொர்த் செழியன்:
2023 செப்டம்பரில் நார்வேயின் இரண்டு எஃப்-35ஏ ஸ்டெல்த் விமானங்கள், அதாவது ரேடாரில் எளிதில் சிக்காத போர் விமானங்கள், பின்லாந்தில் தெர்வோ என்ற இடத்தில் நெடுஞ்சாலையில் இறங்கின. இன்ஜினை அணைக்காமலே எண்ணெய் நிரப்பிக்கொண்டு திரும்பவும் பறந்து போய்விட்டன. அந்த ரக விமானம் நெடுஞ்சாலையில் இறங்கியது அதுவே முதல் தடவை.

நான் இதை ஒரு சாகசமாகப் பார்க்கவில்லை. ஸ்டெல்த் விமானத்தை வானத்தில் பிடிப்பது கஷ்டம். அப்படியென்றால் எதிரி அதை எங்கே தேடுவான்? தரையில்தான். ரேடாரில் சிக்காமல் இருப்பதற்காகக் கோடிக்கணக்கில் செலவழித்த விமானத்தை, உலகத்துக்கே இடம் தெரிந்த ஒரு தளத்தில் வரிசையாக நிறுத்தி வைத்தால் அந்தக் காசுக்கு என்ன அர்த்தம்? 2025 ஜூன் 1ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். லோரிகளில் மறைத்துக் கொண்டுபோன ட்ரோன்களை வைத்து, ரஷ்யாவின் குண்டுவீச்சு விமானங்களை அவற்றின் தளங்களிலேயே உக்ரேன் எரித்தது. அனுப்பிய ட்ரோன்கள் 117 என்று உக்ரேனே சொன்னது.

நம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது புரிந்திருக்கிறது. சிங்கப்பூர் வாங்குவதாக அறிவித்திருக்கும் 20 எஃப்-35களில் 12 'பி' ரகம். சிறிய இடத்தில் எழும்பி, நேர்செங்குத்தாக இறங்கக்கூடியது. அங்கே லிம் சூ காங் சாலையைப் பல தடவை ஓடுபாதையாக மாற்றிப் பயிற்சியும் செய்திருக்கிறார்கள். நம் விமானப் படையிடம் இன்றைக்கு ஸ்டெல்த் எதுவும் இல்லை, சரி. ஆனால் அடுத்த பெரிய கொள்முதலுக்கு முன்பே, விமானங்களைப் பல இடங்களில் பிரித்து நிறுத்தப் பழக வேண்டும் என்பது என் வாதம். பட்டர்வொர்த், குவாந்தான், கோங் கெடாக் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய தளங்களை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

இன்ஜின் மணி:
தம்பி, நான் கோலாலம்பூரில் பயணிகள் விமானங்களில் வேலை பார்ப்பவன், போர் விமானம் என் தொழில் இல்லை. ஆனால் இன்ஜின் இன்ஜின்தான். ஓடுபாதையில் கிடக்கும் ஒரு சின்ன போல்ட், ஒரு கல், அது உள்ளே போனால் பிளேடு போச்சு. நம்மிடம் முன்பு மிக்-29 இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? தரையில் ஓடும்போது அதன் காற்று வாயை ஒரு கதவு மூடிக்கொள்ளும். காற்று மேல்பக்கத்துத் திறப்புகள் வழியாக உள்ளே போகும். மோசமான ஓடுபாதையையும் கணக்கில் வைத்து ரஷ்யர்கள் செய்தது அது. எஃப்-35இல் அப்படிக் கதவு கிடையாது. இருப்பதும் ஒரே ஒரு இன்ஜின்.

அப்புறம் எண்ணெய். எஃப்-35ஏ உள்தொட்டியில் மட்டும் 8 டன்னுக்கு மேல் பிடிக்கும். நான்கு விமானம் ஒரே ஒரு தடவை பறக்க 33 டன். நெடுஞ்சாலையில் நாம் பார்க்கிற பெரிய டாங்கர் லோரி ஒன்று அத்தோடு காலி. ஒரு நாளைக்கு மூன்று தடவை பறந்தால்? பிரித்து வைத்த இடம் நான்கு என்றால்? விமானத்தை ஒளித்துவிடலாம். அத்தனை லோரிகளை எங்கே ஒளிப்பது?

திருவனந்தபுரத்தையும் மறக்க வேண்டாம். 2025 ஜூன் 14ஆம் தேதி ஒரு பிரிட்டிஷ் எஃப்-35பி அங்கே அவசரமாக இறங்கியது. இறங்கிய பிறகு ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. அதன் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்த ஆட்களால் சரிசெய்ய முடியவில்லை. பருவமழையில் வெட்டவெளியில் நின்றது. பிரிட்டனிலிருந்து தனி விமானத்தில் ஆட்களும் கருவிகளும் வந்த பிறகு, ஜூலை 22ஆம் தேதிதான் கிளம்பியது. அது நல்ல பன்னாட்டு விமான நிலையம், கம்பத்துச் சாலை இல்லை.

பட்டர்வொர்த் செழியன்:
மணி அண்ணே, திருவனந்தபுரம் யாரும் திட்டமிடாத தரையிறக்கம். உதிரிப் பாகம் இல்லை, பழகிய ஆள் இல்லை. திட்டமிட்டுச் செய்வது வேறு. அமெரிக்கர்கள் தங்கள் இன்னொரு ஸ்டெல்த் ரகமான எஃப்-22 நான்கோடு ஒரு சி-17 சரக்கு விமானத்தை அனுப்பும் முறையை எப்போதோ பழகிவிட்டார்கள். அந்த ஒரு சி-17இல் ஆட்கள், ஆயுதம், கருவி எல்லாம் வந்துவிடும். 2023இல் பசிபிக்கில் உள்ள தினியான் தீவில் எஃப்-22களை இறக்கியும் பார்த்தார்கள்.

உக்ரேன் விமானப் படை இன்னும் உயிரோடு இருப்பதே முதல் நாளிலிருந்து இடம் மாறிக்கொண்டே இருந்ததால்தான். ரஷ்ய ஏவுகணைகளில் எத்தனை காலி ஓடுபாதையில் விழுந்தன!

இன்ஜின் மணி:
உக்ரேன் ஓட்டியது மிக்-29, சுகோய்-27. அவற்றின் தோலில் கீறல் விழுந்தால் பெயின்ட் அடித்தால் போதும். ஸ்டெல்த் விமானத்துக்குத் தோல்தான் ஆயுதம். ஒரு பேனலைத் திறந்து மூடினால் அந்த இடைவெளியைச் சரியாக அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரேடாரில் பளிச்சென்று தெரியும். அந்த வேலைக்கு நிழல் வேண்டும், ஈரம் இல்லாத காற்று வேண்டும். நம் ஊரில் மதியம் மூன்று மணிக்கு வானம் கிழிந்து ஊற்றும்போது செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் நின்று செய்கிற வேலையா அது?

இன்னொன்று. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்-35களில் பணிக்குத் தயாராக இருந்தவை சுமார் 55 விழுக்காடு. ஹேங்கர், கிடங்கு, பயிற்சி பெற்ற ஆட்கள், எல்லாம் உள்ள தளங்களில் கிடைத்த கணக்கு இது. சாலையோரத்தில் அது ஏறவா போகிறது?

பிரிக்பீல்ட்ஸ் ராஜன்:
சாலை பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். நான் சாலைக் குத்தகை வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவன்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை கெடாவில் வயல்வெளி நடுவே நேராகப் போகிறது, அங்கே இறக்கலாம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அளவைப் பாருங்கள். இரண்டு தடம், அதோடு அவசரத் தடம், எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் 10 மீட்டரை ஒட்டி வரும். எஃப்-35ஏயின் இறக்கை அகலம் 10.7 மீட்டர். இறக்கை இரும்புத் தடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். நடுத்தடுப்பை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்க்கலாம் என்றால், நடுவில் இருப்பது மண்ணும் வாய்க்காலும். லிம் சூ காங்கில் என்ன செய்தார்கள்? அது அகலமான சாலை. அதிலும் விளக்குக் கம்பம், பலகை, பேருந்து நிறுத்தம் எல்லாவற்றையும் கழற்றி, பெருக்கி, சோதித்த பிறகுதான் விமானம் வந்தது.

எடையும் உண்டு. லோரி எடை பல சக்கரத்தில் பிரிந்து இறங்கும். போர் விமானம் முழு எடையோடு 30 டன் அளவுக்குப் போகும், அத்தனையும் மூன்று காலில். டயர் அழுத்தம் லோரியுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல். 'பி' ரகம் செங்குத்தாக இறங்கினால் கீழே வரும் அனல் தாரை உருக்கிவிடும். அதற்குத் தனி சிமெண்டுத் தளமோ உலோகப் பாயோ வேண்டும்.

முடியாது என்று நான் சொல்லவில்லை. புதிதாகச் சாலை போடும்போது மூன்று கிலோமீட்டரை அதற்கென்றே போட்டால் முடியும். இந்தியாவில் விரைவுச்சாலைகளில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். போட்டு முடித்த சாலையைக் காட்டி "இங்கே இறக்கு" என்றால் முடியாது.

மெர்தாஜாம் கவிதா:
எல்லோரும் பின்லாந்து, உக்ரேன் என்று போகிறீர்கள். பட்டர்வொர்த்திலேயே இது ஒரு தடவை நடந்து முடிந்த கதை.

1941 டிசம்பர் 9ஆம் தேதி, தென் தாய்லாந்தின் சிங்கோராவில் இருந்த ஜப்பானியப் படையைத் தாக்க பட்டர்வொர்த்திலிருந்து பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பத் தயாராக இருந்தன. முதல் விமானம் மேலே எழும்பிய நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் வந்துவிட்டன. கீழே வரிசையில் நின்றவை எல்லாம் எரிந்தன அல்லது உடைந்தன. மேலே இருந்த ஒரே விமானத்தின் விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் தனியாகவே சிங்கோராவுக்குப் போய்க் குண்டு போட்டார். பலத்த காயத்தோடு அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கித் தன்னோடு வந்தவர்களைக் காப்பாற்றினார். அவர் பிழைக்கவில்லை. 1946இல் அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள்.

பட்டர்வொர்த் செழியன்:
கவிதா அக்கா, என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? வரிசையில் நின்றதால்தானே எல்லாம் போனது?

மெர்தாஜாம் கவிதா:
அவசரப்படாதீர்கள் தம்பி, கதையில் பாதிதான் சொன்னேன்.

போருக்கு முன் பிரிட்டிஷ் விமானப் படை நீங்கள் சொல்வதைத்தான் செய்தது. வடக்கிலும் கிழக்குக் கரையிலும் விமானத் தளங்களைப் பரப்பியது. அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த். கிளந்தானில் மட்டும் கோத்தா பாரு, மாச்சாங், கோங் கெடாக் என்று மூன்று. ஆனால் அவற்றைக் காக்கப்போகும் தரைப்படையைக் கலந்துகொள்ளாமலே இடம் குறித்தார்கள். கிளந்தானின் மூன்று தளங்களுக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு இந்திய பிரிகேட். கடலோரத்தையும் அதே ஆட்கள்தான் காக்க வேண்டும். கிடைத்த விமான எதிர்ப்புப் பீரங்கிகள் கொஞ்சம். எந்தத் தளமும் தாங்கவில்லை. அலோர் ஸ்டாரிலும் சுங்கை பட்டாணியிலும் ஓடுபாதையையும் எண்ணெயையும் குண்டுகளையும் முழுதாக அழிக்காமல் விட்டுவிட்டு ஓடினார்கள். சில நாட்களிலேயே ஜப்பானிய விமானங்கள் அங்கிருந்து பறந்து நம் ஊர்களின் மேல் குண்டு போட்டன.

பிரித்து வைத்த ஒவ்வொரு இடத்துக்கும் காவல் வேண்டும். காவல் இல்லாத ஓடுபாதை எதிரிக்கு நாம் கட்டிக் கொடுத்தது. அந்தக் கோங் கெடாக்கில்தான் இன்று நம் சுகோய்-30 போர் விமானங்கள் நிற்கின்றன. இதைப் பேசாமல் "பிரித்து நிறுத்து" என்று மட்டும் சொன்னால் 1941ஐ அரைகுறையாகப் படித்ததாகிவிடும்.

பட்டர்வொர்த் செழியன்:
அக்கா சொல்லும் காவல் பிரச்சினையை ஏற்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 1941இல் அந்தத் தளங்கள் நிரந்தரமானவை, வரைபடத்தில் இருந்தவை. நான் சொல்வது ஒரு மணி நேரம் மட்டும் உயிரோடு இருக்கும் இடம். விமானம் இறங்கும், எண்ணெய் ஏறும், கிளம்பிவிடும். எதிரி கண்டுபிடித்து, முடிவெடுத்து, ஏவுகணை வந்து சேர்வதற்குள் அங்கே வெறும் சாலைதான் இருக்கும். சுவீடனின் கிரிபென் விமானத்துக்கு 800 மீட்டர் சாலை போதும். ஒரு டெக்னிஷியனும் கட்டாய ராணுவ சேவையில் இருக்கும் சில இளைஞர்களும் பத்தே நிமிடத்தில் அதைத் திரும்ப அனுப்புகிறார்கள்.

இன்ஜின் மணி:
கிரிபென் ஸ்டெல்த் இல்லையே தம்பி. முதல் நாளே சாலைக்கென்று வரைந்த விமானம் அது. நீங்கள் கிரிபென் வாங்கலாம் என்று சொன்னால் இந்த விவாதத்தில் பாதி எனக்கு இல்லாமல் போகும். உண்மையாகவே சொல்கிறேன். பிரித்து நிறுத்துவதுதான் முக்கியம் என்றால், அதற்குத் தோதான விமானத்தை வாங்க வேண்டும். ஸ்டெல்த்தான் முக்கியம் என்றால் பட்டர்வொர்த்தில் கனமான கான்கிரீட் கொட்டகை, ஓடுபாதையை மணிக்கணக்கில் சரிசெய்யும் அணி, நல்ல வான் பாதுகாப்பு, இவற்றில் காசைப் போட வேண்டும். இரண்டையும் ஒரே விமானத்தில் கேட்டால் பெரிய நாட்டுப் பணம் வேண்டும். நம்மிடம் இருக்கும் ஹார்னெட் போர் விமானங்கள் மொத்தம் எட்டு.

ஒரு மணி நேரக் கணக்கும் எனக்குச் சரியாகப் படவில்லை. கெடா சாலையில் ஒரு போர் விமானம் இறங்கினால், இன்ஜின் சத்தம் அடங்குவதற்குள் அது எல்லோர் போனிலும் இருக்கும். டிக்டாக்கில் இடத்தின் பெயரோடு வரும். பின்லாந்துக் காட்டில் கிடைக்கும் தனிமை நமக்கு எங்கே?

பட்டர்வொர்த் செழியன்:
அப்படியானால் சாலையை விடுங்கள். இருக்கிற பொது விமான நிலையங்களை எடுத்துக்கொள்வோம். பினாங்கின் பாயான் லெப்பாஸ், லங்காவி, அலோர் ஸ்டார். ஓடுபாதை தயார், எண்ணெய் தயார், வேலி தயார். பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் 20 சொச்சம் கிலோமீட்டர்தான். ராஜன் அண்ணன் சொன்ன அகலம், எடை எதுவும் அங்கே பிரச்சினை இல்லை. மணி அண்ணன் கேட்ட லோரிகளும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு தடவையாவது அங்கே இறங்கி எண்ணெய் ஊற்றிக் கிளம்பப் பழகினால் போதும். பயிற்சிதானே, என்ன நஷ்டம்?

பாயான் யாழினி:
நஷ்டம் எங்களுக்கு. இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பாயான் லெப்பாஸ் ஓடுபாதைக்குப் பக்கத்தில்தான் தொழில் வட்டாரம். 1972இலிருந்து சிப் தொழிற்சாலைகள் அங்கே இருக்கின்றன. ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தச் சாலையில் எத்தனை பேர் என்று வந்து பாருங்கள், அவர்களில் நானும் ஒருத்தி. சுற்றிலும் அடுக்குமாடிகள், பள்ளிகள். ஒரு பொது விமான நிலையத்தைப் போர் விமானம் பயன்படுத்த ஆரம்பித்தால், போர்ச் சட்டப்படியே அது தாக்கக்கூடிய இலக்காகிவிடுகிறது. எதிரியின் ஏவுகணைகளைப் பல இடங்களுக்குப் பிரித்து வாங்குவதுதான் உங்கள் திட்டத்தின் பலம் என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. அந்தப் பங்கு யார் தலையில் விழும் என்று யாரும் எழுதவில்லை.

செழியன் அண்ணே, நீங்கள் தளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். அந்த ஆபத்தோடு வாழ்வது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் ஊருக்கும் தெரியும். எங்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

பட்டர்வொர்த் செழியன்:
கேட்கவில்லை, தங்கச்சி. கேட்க வேண்டும் என்றும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டர்வொர்த்தில் எங்களையும் யாரும் கேட்டதில்லை. எல்லா விமானமும் ஒரே இடத்தில் நின்றால் வருவது எல்லாம் எங்கள் தளத்துக்குப் பக்கத்து தெலுக் ஆயர் தாவார் மேலேயே வரட்டும் என்றுதான் ஆகிறது. அங்கேயும் பள்ளி இருக்கிறது, பாசார் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் வேண்டாம் என்றால் லங்காவியைப் பாருங்கள். ஓடுபாதை நீளம், சுற்றி ஆள் குறைவு, தீவு என்பதால் சுற்றிலும் கடல்.

மெர்தாஜாம் கவிதா:
லங்காவிக்கு எண்ணெய் கப்பலில்தான் போக வேண்டும். அந்தக் கப்பலை யார் காப்பது?

இன்ஜின் மணி:
அதோடு அந்த உப்புக் காற்று. லங்காவியில் ஒரு வாரம் வெளியே நிற்கும் ஸ்டெல்த் விமானத்தின் தோலுக்கு என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள் தம்பி. நாளை இரவு ஷிப்ட் முடிந்து வந்து படிக்கிறேன்.