மலையக நிலத்தோற்றம் பற்றிய பாடத்துக்கு உதவி தேவை

குழுவிலுள்ள புவியியல் ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கும் எனக்கு, வகுப்பில் எழுந்த ஒரு கேள்வியை விளக்க உங்கள் உதவி தேவைப்படுகிறது.

இந்தியத் தகடு யூரேசியத் தகட்டுடன் மோதியதால் இமயமலை உயர்ந்தது என்று படிக்கும் பிள்ளைகள், தகட்டு எல்லை எதுவும் அருகில் இல்லாத இலங்கையில் 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை எப்படி வந்தது என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். இலங்கையும் இந்தியாவும் அடங்கியிருந்த கோண்டுவானா என்னும் பண்டைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பாறைகளே, மேலிருந்த கனத்த படைகள் தின்னலால் (அரிப்பால்) அகற்றப்பட்ட பின் இன்று நம் காலடியில் கிடக்கின்றன என்பது வரை சொல்லிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான்: அந்தப் பாறைநிலம் இந்த உயரத்தையும் வடிவத்தையும் பெற்றது எப்படி என்பதற்கு விளக்கங்கள் பல. படிப்படியாக உயரும் மூன்று தின்னற் தளங்களை, அதாவது அரிப்பால் ஏறத்தாழ மட்டமான நிலப்பரப்புகளை, 1929இல் புவிச்சரிதவியலாளர் அடம்ஸ் எடுத்துரைத்தார். நிலத்துண்டங்கள் பிளவுகளின் வழியே உயர்ந்ததே அதற்குக் காரணம் என்றார் இன்னொரு புவிச்சரிதவியலாளரான வாடியா. பாறைகளின் வன்மைக்கேற்பத் தின்னல் வேறுபட்டதை முதன்மைப்படுத்தும் விளக்கமும் உண்டு.

இவற்றை எளிய தமிழில், ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து உலக முடிவுச் சரிவு வழியாகத் தெற்குத் தாழ்நிலம் வரையான குறுக்குவெட்டுப் படத்துடன் விளக்கும் குறிப்பு எவரிடமாவது இருந்தால் பகிருங்கள். பாதைக்காக வெட்டிய மண்திட்டுகளில், செம்மண்ணுக்குள் வெங்காயம்போல் தோலுரிந்து, வெளிப்புறம் விரல்பட்டாலே உதிர்ந்து, நடுவில் மட்டும் இறுகிநிற்கும் உருண்டைக் கற்களின் படங்களும் வேண்டும். நான் எடுத்தவற்றில் மழைச்சேறுதான் தெரிகிறது. அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கமுள்ளவர்கள், மண்சரிவு அபாயமின்றி மாணவர்களை நிறுத்திக் காட்டக்கூடிய இடமொன்றைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.