பி.ஆர்.எஸ்.ஆர். (நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், தொழிலாளர் விவரங்களை ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை) நிரப்பியபோது மனதில் தங்கிவிட்டது எது?

ஆலைப்பிரிவு:
பங்குச்சந்தையில் உள்ள ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஆலையில் வேலை. சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23லிருந்து இந்த அறிக்கை கட்டாயம் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சொன்னதும் தண்ணீர்ப் பக்கம் என் தலையில் வந்தது. மூன்று போர்வெல்லுக்கும் மாதாமாதம் ரீடிங் சுத்தமாக வரும். ஒருநாள் நேரில் போனேன். இரண்டாவது போரின் மீட்டர் மூடியைத் தூக்கினால் உள்ளே குளவிக்கூடு. மண்ணைச் சுரண்டிப் பார்த்தேன், முள் அசையவே இல்லை. மோட்டார் ஆபரேட்டர் அண்ணன், "மூணு வருஷமா ஓடல சார். போன மாசத்தோட கொஞ்சம் கூட்டி எழுதச் சொன்னாங்க" என்றார். அவர் நோட்டில் பென்சிலால் எழுதிய எண்கள்தான் ஆண்டறிக்கையில் அச்சாகியிருந்தன.

கிளை_மேலாளர்:
எனக்கு டீசல். சாயங்காலம் நான்கு மணிக்குத் தலைமை அலுவலகத்து மெயில்: ஒரு வருட ஜெனரேட்டர் டீசல், நாளைக் காலைக்குள். ஜெனரேட்டர் கட்டட உரிமையாளருடையது. அவர் வீட்டில் ஒரு கேரிபேக் நிறைய பங்க் ரசீது கொடுத்தார்கள். பாதிக்கு மேல் மை பறந்து வெறும் வெள்ளைத் தாள். அவற்றை விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. கடைசியில் 400 லிட்டர் என்று போட்டேன்.

கணக்கு_சரிபார்ப்பு:
ஆபரேட்டர் மேல் பழி போடாதீர்கள், ஆலைப்பிரிவு. நானும் எடுத்த நீரையும் செலவான நீரையும் ஒரே எண்ணாகப் போட்டு, படிவம் திரும்பி வந்தவன்தான். மீட்டர் இல்லாவிட்டாலும் வழி உண்டு. அளவு தெரிந்த தொட்டியை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 10,000 லிட்டர் தொட்டி 40 நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 15 கிலோலிட்டர். மோட்டார் ஓடிய மணி நேரத்தால் பெருக்குங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் அளவு குறையும், அதனால் வருடத்துக்கு இரண்டு முறையாவது சோதியுங்கள். முக்கியமாக, இது மதிப்பீடு என்று அட்டவணைக்குக் கீழே எழுதிவிடுங்கள். வெளியாள் யாராவது சரிபார்த்தார்களா என்று படிவமே கேட்கிறது. 2023-24லிருந்து முதல் 150 நிறுவனங்களுக்கு முக்கியக் குறியீடுகளில் அந்தச் சரிபார்ப்பே கட்டாயமாகிவிட்டது. புது மீட்டர் வாங்க இன்றே இண்டென்ட் போடுங்கள்.

ஆலைப்பிரிவு:
நான் எங்கே பழி போட்டேன்? அத்தனை பேரில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மீட்டர் மாற்றியாகிவிட்டது.

பாதுகாப்பு_பிரிவு:
நீங்கள் தண்ணீர் பேசுகிறீர்கள். எனக்குப் பாதுகாப்பு அட்டவணை, 2023-24. இறப்பு என்ற கட்டத்தில் மேலிருந்து 0 வந்தது. அந்த ஆகஸ்டில் சாரத்திலிருந்து ஒரு ஹெல்பர் விழுந்து இறந்திருந்தார். கேட்டதற்கு, "கான்ட்ராக்டர் ஆள், நம்ம ரோல்ல இல்லையே" என்றார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் சேர்த்தி என்று படிவத்திலேயே இருக்கிறது. அந்த வரியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு மணி நேரம் பேசினோம். அப்புறம் 0-ஐ அழித்து 1 என்று நானே அடித்தேன். அன்று சாயங்காலம் வெளியே வரும்போது இறந்துபோன அந்த ஹெல்பரின் சைக்கிள் ஸ்டாண்டில் அப்படியே நின்றது, முன் டயரில் காற்றில்லாமல்.