புற்றுநோய் வலிக்கு மார்ஃபின்: வீட்டில் வைத்துக் கொடுக்கலாமா?

தாராவி செல்வி: சித்தப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய், தாடை எலும்புக்கும் பரவிவிட்டது. ராத்திரியெல்லாம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார். சொந்தக்காரர்கள் "அது போதை, கொடுக்காதே" என்கிறார்கள். நான் கொடுக்கத்தான் போகிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள்.

சயான் முருகன்: காரணம் இருக்கிறது தங்கச்சி. இருமல் மருந்தில் ஆரம்பித்து வீணாய்ப் போன பையன்களை நம் சந்திலேயே பார்த்திருக்கிறேன். ஒரே அறையில் குடும்பமே இருக்கும்போது மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பாய்? அப்புறம், மார்ஃபின் என்றாலே வைத்தியத்தைக் கைவிட்டாச்சு என்றுதானே அர்த்தம்?

மாட்டுங்கா நர்ஸ்: இல்லை தம்பி. கீமோ நடக்கும்போதே வலி மருந்தும் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். லேசான வலிக்குப் பாரசிட்டமால், தாங்க முடியாத வலிக்கு மார்ஃபின் என்று உலக சுகாதார நிறுவனம் 1986லேயே படி வகுத்துவிட்டது. செல்வி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடு. வலி ஏறட்டும் என்று காத்திருக்காதே. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்கு. முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்திவிடாதே.

சயான் முருகன்: சரி அக்கா. ஆனால் ஆபத்து இல்லாமலா சட்டம் இவ்வளவு கெடுபிடி செய்கிறது?

மாட்டுங்கா நர்ஸ்: அந்தக் கெடுபிடியில் துடித்தது நோயாளிகள்தான். 1985 போதைப்பொருள் சட்டம் வந்தபின் உரிமத்துக்கு மேல் உரிமம் கேட்டார்கள். பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதை எழுதிப் பழகாமலே வந்தார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மார்ஃபின் எடுக்கும் அபினி அரசு அனுமதியோடு விளைகிறது. நம் நோயாளி துண்டைக் கடிக்கிறார்! 2014இல் சட்டத்தைத் திருத்திக் கெடுபிடியைத் தளர்த்தினார்கள். அப்படியும் தேவையில் சுமார் 4 சதவீதம்தான் இந்தியாவில் கிடைக்கிறது என்றது லான்செட் மருத்துவ இதழின் 2017 அறிக்கை.

சயான் முருகன்: மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுக்கட்டும். வீட்டுக்குள் வேண்டாம். இதில் நான் மாறமாட்டேன்.

தாராவி செல்வி: படுக்கை எங்கே இருக்கிறது அண்ணே? பரேலில் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர் நோயாளிகள் நடைபாதையில் கிடக்கிறார்கள். முற்றிய புற்றுநோயாளிகளைப் பராமரிக்கும் பாந்திரா சாந்தி அவேத்னா சதன் 1986லிருந்து இலவசமாகப் பார்க்கிறது, ஆனால் மும்பை முழுவதையும் அது ஒன்றே தாங்குமா? நீங்கள் சொல்லும் பயத்துக்காக மாத்திரையைப் பீரோவில் பூட்டி, சாவியைச் சித்தி இடுப்பில் செருகியாச்சு. எத்தனை மிச்சம் என்று நோட்டில் எழுதுகிறோம். எட்டு மணி மாத்திரை கொடுத்துவிட்டேன். பன்னிரண்டுக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.