திரைப்படக் கல்வி மையக் கட்டடங்கள்: பார்க்க வழி உண்டு, கற்க வழி உண்டா? (உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்)

ஒளிப்பதிவு பயிலும் உறுப்பினர்

நானே தொடங்குகிறேன். பொதுமக்களுக்கான திரைப்படப் பயிற்சி மையங்கள் சிலவற்றுக்குச் சக்கர நாற்காலியில் போயிருக்கிறேன். வாசலில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. சாய்தளம், லிஃப்ட், கழிப்பறையில் கைப்பிடி, அரங்கில் எனக்கென்று ஓர் இடம் எல்லாம் இருக்கும். படம் பார்க்க வந்தவன் என்றால் திருப்தியாக வீடு திரும்பலாம். நான் போனது தொழில் கற்க. புரொஜெக்டர் அறைக்கு இரும்பு ஏணிப்படி. ஸ்டுடியோவில் லைட் மாட்டும் கம்பிச் சட்டம் (கிரிட்) அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். ஒலிக்கலவை அறையில் மேசை இருக்கும் மேடைக்கு மட்டும் இரண்டு படி.

"நீங்க கீழேயே இருங்க, மேல நடக்கிறதை வீடியோ எடுத்துக் காட்டுறோம்" என்றார்கள் ஓரிடத்தில். அக்கறையோடுதான் சொன்னார்கள், அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை. பிளான் போட்டவருக்கு என்னைப் போன்றவர்கள் பார்வையாளர்கள் மட்டும்தான். புரொஜெக்டர் ஓட்டப்போகிறவனாக அவர் என்னை நினைத்தே பார்க்கவில்லை.

கட்டி முடித்தபின் சரிசெய்வதும் லேசில்லை. 1:12 சரிவில் 3 மீட்டர் ஏற 36 மீட்டர் சாய்தளம் வேண்டும், இடையில் நின்று இளைப்பாறும் தளங்கள் தனி. ஆனால் புரொஜெக்டர் அறையைக் கடைசி இருக்கை வரிசையின் தளத்திலேயே வைத்து, லிஃப்ட் அங்கேயும் நிற்கும்படி முதல் வரைபடத்திலேயே முடிவெடுத்தால் பிரச்சினையே இல்லை. கிரிட்டுக்குப் பதில் மோட்டாரில் இறங்கும் பைப் போட்டால், இடுப்பு உயரத்தில் லைட்டை மாட்டி மேலே அனுப்பலாம். அப்புறம் யாருமே ஏணியில் ஏற வேண்டியதில்லை. புரொஜெக்டர் அறையே இல்லாமல் புரொஜெக்டரைக் கூரையில் பெட்டி கட்டித் தொங்கவிடுவது இப்போது வழக்கமாகி வருகிறது. இடம் மிச்சம்தான், வணிக அரங்குக்கு ஒத்துவரும். சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அதைச் செய்தால் எல்லாருக்குமே கதவடைப்பு.

கட்டட வடிவமைப்பில் இருக்கும் உறுப்பினர்

மேலே சொன்னது முழுக்க உண்மை. நான் கதவைப் பற்றிச் சொல்கிறேன். ஒலி கசியாமல் இருக்க அரங்கு வாசலில் அடுத்தடுத்து இரண்டு கனமான கதவுகள் வைப்பார்கள், அடியில் ஒரு மேடான நிலைப்படியும் இருக்கும். முதல் கதவு பின்னால் சாத்திக்கொள்ளும். முன்னால் இருக்கும் கதவு நம் பக்கமாகத் திறக்கும். நடுவில் சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்காது. அங்கே மாட்டிக்கொண்டு தட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு இரண்டு வழி. கதவு மூடும்போது தானாகக் கீழே இறங்கி அடைக்கும் சீல் பட்டை உண்டு, அது இருந்தால் நிலைப்படி தேவையில்லை. இடம் இருந்தால் அதைவிட நல்லது, ஒலியை உறிஞ்சும் சுவர்களோடு இருமுறை வளையும் நடைபாதை. வெளிக்கதவு ஒன்று போதும், அதையும் பகலில் திறந்தே வைக்கலாம். சக்கர நாற்காலிக்கும் வெள்ளைக் கோலுக்கும் கேமரா டிராலிக்கும் ஒரே வழி.

மின்செலவு விஷயத்திலும் இப்படி ஒரே வழியில் இரண்டு பலன் சேர்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். 200 பேர் என்றால் 20 கிலோவாட். மேலிருந்து குளிர்காற்றை வேகமாகத் தள்ளினால் இரைச்சல் வரும், மின்சாரமும் போகும். அகலமான காற்றுக்குழாய் (டக்ட்) வைத்து, இருக்கைக்கு அடியிலிருந்து மெதுவாக விட்டால் வெப்பம் தானே மேலேறிவிடும். மின்விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தின்னும் மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும். அமைதியும் கிடைக்கிறது. ஸ்டுடியோவில் அதிக வெப்பம் விடும் டங்ஸ்டன் விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றினால் ஏ.சி.யின் சுமையும் கூடவே இறங்கும். இன்னொன்று, புதிதாகக் கட்டாமல் பழைய கிடங்கு, பழைய அரங்கு எதையாவது மாற்றி எடுங்கள் என்று எப்போதும் வாதாடுகிறேன். அதன் சிமெண்டுக்கும் இரும்புக்குமான கார்பன் என்றோ வெளியேறிவிட்டது, இடித்தால் மறுபடி முதலிலிருந்து.

காது கருவி அணியும் எடிட்டிங் உறுப்பினர்

பழைய கட்டடம் பிடிக்கும், ஆனால் ஓர் எச்சரிக்கை. நான் போன மையத்தில் அரங்கைச் சுற்றி, ஒலியைக் காந்தப்புலமாகக் காது கருவிக்கு அனுப்பும் கம்பி வளையமான இன்டக்‌ஷன் லூப் போட்டிருந்தார்கள். கருவியை டி-காயிலுக்கு (அந்தக் காந்தப்புலத்தைப் பிடிக்கும் அமைப்புக்கு) மாற்றியதும் எங்கள் படத்து வசனத்தோடு அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்த வேறு படத்து வசனமும் சேர்ந்து வந்தது. இங்கே துக்க வீடு, அங்கே சண்டைக் காட்சி. சிரித்துவிட்டேன், சுற்றி இருந்தவர்கள் முறைத்தார்கள்.

கட்டட வடிவமைப்பில் இருக்கும் உறுப்பினர்

காந்தப்புலத்துக்குச் சுவர் ஒரு தடையே இல்லை. தரையில் இரும்புக் கம்பி இருந்தால் ஒலி பலவீனமாகவும் ஆகும். அறைகள் ஒட்டி ஒட்டி இருக்கும் மையத்தில், கசிவைக் குறைக்கும் பிரத்யேக லூப் அமைப்பு வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் ஒலியை அனுப்பும் இன்ஃப்ராரெட். அது சுவரைத் தாண்டாது. ஆனால் நேர் வெயில் விழும் அறையில் தடுமாறும், ஜன்னலுக்குத் திரை போடுங்கள்.

ஒலிப்பதிவு கற்கும், பார்வையற்ற உறுப்பினர்

டிஜிட்டல் சினிமா பிரதியில் திரையில் நடப்பதைப் பார்வையற்றவர்களுக்குக் குரலில் சொல்லும் காட்சி விவரிப்புக்கென்றே 8ஆவது ஒலித்தடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பதிவுசெய்து பழக ஒரு சின்னக் குரல் அறை எந்த மையத்தின் பிளானிலாவது பார்த்திருக்கிறீர்களா? இருந்தால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.