வீகன் மாஷ்மலோ ஓவனில் உருகவே இல்லை, அவசரம், யாராவது சொல்லுங்கோ

கொக்குவில்_கேக்:
நாளை மறுநாள் ஒரு பிறந்தநாள் ஓடர். பிரவுனிக்கு மேலே மாஷ்மலோ வேண்டுமாம். நல்லூர்த் திருவிழா முடியும்வரை அவர்கள் வீட்டில் 25 நாளும் சைவம், முட்டையும் கூடாது, அதனால்தான் வீகன் மாஷ்மலோ தேடினேன். மூன்று பக்கெற் கையில் இருக்கிறது, நேற்று மூன்றையும் வைத்துப் பார்த்தேன். முதலாவது உருகவே இல்லை, வெள்ளை இறப்பர் துண்டு மாதிரி அப்படியே நிற்கிறது, மேலே மட்டும் தோல் பிடித்துக் காய்ந்துவிட்டது. இரண்டாவது உருகிப் பிரவுனிக்குள் இறங்கிக் காணாமல் போய்விட்டது, சீனிப் பாகு வழிந்த அடையாளம் மட்டும் இருக்கிறது. மூன்றாவதுதான் அருமையாக வந்தது, மேலே பொன்னிறம், உள்ளே இழுபட்டது, வீட்டில் எல்லாரும் அள்ளிச் சாப்பிட்டுப் பக்கெற்றில் பாதிதான் மிச்சம். அதுபோல வேறு எது வாங்கலாம்? பிள்ளைகளுக்குச் சின்னப் பையில் போட்டுக் கொடுக்கவும் கேட்டிருக்கிறார்கள், சும்மா சாப்பிடவும் நன்றாக இருக்க வேண்டும்.

சுன்னாகச்சந்தை:
தங்கச்சி, எந்தப் பக்கெற் என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது? ஓவன் சூடு எவ்வளவு, எத்தனை நிமிடம், மேல் கம்பி எரிந்ததா, மாஷ்மலோவை எப்போது வைத்தீர்கள்?

ரொறன்ரோ_மாமி:
அது ஊர் வெக்கைதான் பிள்ளை, வேறொன்றும் இல்லை. நான் இங்கே டான்டீஸ் என்கிற வீகன் மாஷ்மலோ வாங்குகிறனான், சிக்காகோப் பக்கம் செய்வது, மரவள்ளி மாவும் சோயாவும் போட்டது. ஒரு நாளும் பிழைத்ததில்லை. பொரிச் சதுரம் செய்யும்போது மட்டும் மெல்லிய நெருப்பில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் பொரியைக் கொட்டுவதற்குள் இறுகிவிடும். பக்கெற்றைப் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு போட்டுப் பாருங்கோ.

சுன்னாகச்சந்தை:
மாமி, 180 பாகை ஓவனுக்குள் போகிற சாமானுக்கு வெளி வெக்கை என்ன செய்யும்? பிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஈரம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டும்.

லேபிள்_வாத்தி:
இதையே எத்தனை தரம் எழுதுவது. பக்கெற்றைத் திருப்பிப் பின்பக்கம் வாசியுங்கோ என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், ஒருவரும் வாசிப்பதில்லை, படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். அதில் சேர்பொருள் எண்கள் இருக்கும்: 406 என்றால் அகர். 407 என்றால் கராஜீனன். 440 பெக்டின், பழத்தில் இருந்து வருவது. 441 என்று பழைய பட்டியல்களில் இருப்பது ஜெலற்றின், இப்போது பெரும்பாலும் பெயராகவே எழுதியிருக்கும், மாட்டின் அல்லது பன்றியின் தோலும் எலும்பும். 440க்கும் 441க்கும் வித்தியாசம் தெரியாதவர் சைவக் கேக் ஓடர் எடுக்கக் கூடாது. ரோஸ் நிற மாஷ்மலோவில் 120 இருந்தால் அது பூச்சியில் எடுத்த சாயம். இவ்வளவும் பின்பக்கத்தில் அச்சடித்துத்தான் இருக்கிறது.

பனங்காய்ப்பணியாரம்:
வாத்தியார் இன்றைக்கும் பிரம்போடுதான் வந்திருக்கிறார். 😄 அக்கா, கடையில் தேடாமல் நீங்களே அடியுங்கோ. கடலை அவித்த தண்ணீரைப் பாதியாக வற்றவைத்து ஆறவிட்டு பீற்றரால் அடித்தால் முட்டை வெள்ளை மாதிரி நுரைக்கும். சீனிப் பாகை 115 பாகைக்குக் காய்ச்சி, அகர் கரைத்து, நூல் மாதிரி விட்டுக்கொண்டே அடிக்க வேண்டும்.

கோவை_குசும்பன்:
கடலைத் தண்ணியா? நிலக்கடலையை வேகவச்ச தண்ணி நுரைக்குமா? எங்க வீட்ல வாரம் ரெண்டு நாள் வேகவைக்கிறோம், நுரையே வந்ததில்லையே.

பனங்காய்ப்பணியாரம்:
அது கச்சான். நான் சொல்வது கடலை.

கோவை_குசும்பன்:
கடலைன்னா நிலக்கடலைதாங்க. நீங்க சொல்றது கொண்டைக்கடலை.

பனங்காய்ப்பணியாரம்:
கோயில் வாசலில் சுண்டுகிற கடலை, அவ்வளவுதான். கொண்டை போட்டதா குடுமி வைத்ததா என்று நாங்கள் பார்ப்பதில்லை. 2014இல் ஒரு பிரெஞ்சுக்காரர் இந்தத் தண்ணீரை அடித்து நுரை வரவைத்துக் காட்டினார், பிறகுதான் அதற்கு அக்வாபாபா என்று பெயரும் வந்தது. எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

ரொறன்ரோ_மாமி:
இரண்டு நாளில் ஓடர் கொடுக்க வேண்டிய பிள்ளைக்குப் பாகு காய்ச்சப் படிப்பிக்கிறீர்கள்.

கொக்குவில்_கேக்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பெயரெல்லாம் கிழிந்துவிட்டது, எல்லாவற்றையும் போத்தலில் கொட்டிவிட்டேன், பின்பக்கத் துண்டு மட்டும் இருக்கிறது. முதலாவது கொழும்பில் வாங்கியது, அகர் என்று இருக்கிறது. இரண்டாவது மச்சாள் கனடாவில் இருந்து கொண்டுவந்தது, கராஜீனன், சோயாப் புரதம். இரண்டையும் மாவுக்கு மேலே அடுக்கி 180இல் 25 நிமிடம். மூன்றாவதை வைக்க மறந்துபோய்க் கடைசி நேரத்தில் ஓவனைத் திறந்து போட்டேன். அது டவுனில் வாங்கியது. ஹலால் முத்திரை இருக்கிறது, ஆகவே பிரச்சினை இல்லைத்தானே.

சுன்னாகச்சந்தை:
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! கடைசியில் போட்டதால்தான் அது நன்றாக வந்தது. எந்த மாஷ்மலோவாக இருந்தாலும் 25 நிமிடம் வைத்தால் ஒன்றில் ஓடும், இல்லாவிட்டால் காயும். நான் பேக்கரியில் பதினொரு வருடம் ட்ரே தள்ளியவன், சொல்வதைக் கேளுங்கோ. பிரவுனி முழுதாக வெந்த பிறகு வெளியே எடுத்து, கனடாப் பக்கெற்றை நெருக்கமாக அடுக்கி, மேல் தட்டில் மூன்று நான்கு நிமிடம். கதவுக்கு முன்னாலேயே நில்லுங்கோ, போனைப் பார்க்க வேண்டாம். அகர் போட்டதை ஓவனுக்குக் கொடுக்காதீர்கள், அகர் இளக 85 பாகைக்கு மேல் வேண்டும், நடுப்பகுதி அந்தச் சூட்டுக்கு வருவதற்குள் மேலே ஈரம் வற்றித் தோலாகிவிடும். ஜெலற்றின் அப்படியில்லை, 35க்குக் கிட்டவே இளகும், அதனால்தான் வாயில் வைத்தவுடன் கரைகிறது, நம்மூர் மத்தியானத்தில் பையோடு பிசுபிசுக்கிறதும் அதனால்தான். பிள்ளைகளின் பைக்கு அந்த அகர் மாஷ்மலோவே நல்லது. கடித்தால் இழுபடாது, பட்டென்று விடும், ஆனால் வெயிலில் உருவம் குலையாது. சோளமாவும் ஐசிங் சீனியும் கலந்து ஒரு புரட்டுப் புரட்டிப் பையை இறுக்கிக் கட்டுங்கோ.

லேபிள்_வாத்தி:
மூன்றாவது பக்கெற்றின் பின்பக்கத்தை முழுவதும் எழுதவும்.

கொக்குவில்_கேக்:
குளுக்கோஸ் சிரப், சீனி, தண்ணீர், சோளமா, ஜெலற்றின், வாசனை.

லேபிள்_வாத்தி:
நான் என்ன சொன்னேன்.

ஐந்துசந்திப்_பையன்:
அக்கா, ஹலால் என்றால் நாங்கள் சாப்பிடலாம் என்றுதான் அர்த்தம், சைவம் என்று அர்த்தமில்லை. முறைப்படி அறுத்த மாட்டில் எடுத்த ஜெலற்றினுக்கும் அந்த முத்திரை வரும், மீன் ஜெலற்றினும் இருக்கிறது. சைவக்காரர் நிறையப் பேர் எங்கள் கடையிலும் இப்படித்தான் நினைத்துக் கேட்கிறார்கள், நான் பக்கெற்றைத் திருப்பிக் காட்டுவேன். உம்மா நோன்புக்குக் காய்ச்சுகிற கடற்பாசிதான் அந்த அகர், அதில் பயமே இல்லை.

வல்லைவெளிக்காற்று:
அந்தக் கராஜீனனும் பாசிதான். கிளிநொச்சி வலைப்பாட்டில் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்களே, கப்பாபைக்கஸ், அதிலிருந்துதான் அதை எடுக்கிறது. இங்கே காயவைத்து ஏற்றுமதி செய்கிறோம், அங்கே பஞ்சு முட்டாய் மாதிரி ஆக்கிப் பக்கெற்றில் அடைத்துத் திருப்பி விற்கிறார்கள், அதை மச்சாள் சூட்கேசில் காவிக்கொண்டு வருகிறா.

லேபிள்_வாத்தி:
இன்னொரு விசயம். பிரவுனிக்குப் பட்டரும் பால் சொக்லேற்றும் போட்டுவிட்டு மேலே மட்டும் வீகன் மாஷ்மலோ வைத்தால் அது வீகன் ஆகாது. சொற்களைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும்.

பனங்காய்ப்பணியாரம்:
அவ வீகன் பிரவுனி என்று எங்கே சொன்னா? சைவ வீட்டுக்குப் பாலும் நெய்யும் பழுதில்லை, முட்டையும் ஜெலற்றினும்தான் கூடாது. வீகன் பக்கெற் எடுத்தால் இரண்டும் இருக்காது, அதுதான் கணக்கு.

லேபிள்_வாத்தி:
முருகனுக்கு விரதம் இருப்பவர் மாஷ்மலோ சாப்பிட வேண்டும் என்று என்ன கட்டாயம்?

பனங்காய்ப்பணியாரம்:
பிறந்தநாள் பிள்ளைக்கு ஆறு வயது, வாத்தியார்.

ரொறன்ரோ_மாமி:
சண்டை பிடிக்காமல் அந்தப் பிள்ளைக்கு வழி சொல்லுங்கோ. அந்த மூன்றாவது பக்கெற்றை யாரும் சைவக்காரர் சாப்பிட்டார்களா பிள்ளை?

(இரண்டு நாள் கழித்து)

கொக்குவில்_கேக்:
ஓடர் கொடுத்தாயிற்று. சுன்னாகம் அண்ணை சொன்னபடி கனடாப் பக்கெற், மூன்றரை நிமிடம், சரியாக வந்தது, ஒரு மூலை மட்டும் கருகிவிட்டது, அதை வெட்டி நான் சாப்பிட்டேன். பைக்கு அகர்.
மாமி, அம்மம்மா நான்கு துண்டு சாப்பிட்டா. வெள்ளிக்கிழமை. இன்னும் சொல்லவில்லை.

ரொறன்ரோ_மாமி:
சொல்லாதை.

லேபிள்_வாத்தி:
சொல்ல வேண்டும்.

கோவை_குசும்பன்:
கொண்டைக்கடலைத் தண்ணியை அடிச்சுப் பார்த்தேன், நுரைக்குது! உப்புப் போட்டு வேகவச்சது, அது பரவாயில்லையா? @பனங்காய்ப்பணியாரம்