உதவி: தேரியில் எடுத்த படங்களில் முகமெல்லாம் கரியாக வருகிறது

பொருநைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். சித்திரை பிறந்த மறுநாள் ஊர்ப்பக்கம் கேமராவோடு கிளம்பினேன். காலையில் தூத்துக்குடி உப்பளம், அங்கிருந்து ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூர், மதியம் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேடு. மொத்தம் 412 படங்கள். தேரியில் எடுத்ததில் தேறியது ஆறு.

உப்புக் குவியல்கள் அடுப்புச் சாம்பலைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கின்றன. தேரி மண்ணை நேரில் பார்த்தபோது குங்குமத்தைக் கொட்டியதுபோல் இருந்தது. படத்தில் காய்ந்த சுக்குமல்லித் தூள் நிறம். இதெல்லாம்கூடப் போகட்டும். பதநீர் இறக்கும் ஒரு பெரியவரைப் பனையடியில் நிறுத்தி நாற்பது படம் எடுத்தேன். ஒன்றிலும் கண் தெரியவில்லை. முண்டாசுக்குக் கீழே ஒரே கறுப்பு. முகத்தைத் தெளிவாக்கினால் வானம் வெள்ளைத்தாளாகிவிடுகிறது. அவரும் வாக்காளர் அட்டைக்கு நிற்பதுபோல விறைத்துக்கொண்டார்.

பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ். லென்ஸ் போய்விட்டதா, கேமராவே போய்விட்டதா? புதிது வாங்கச் சொல்லிவிடாதீர்கள், வீட்டில் அடி விழும்.

முக்கூடலான்:
இதற்கு ஏன் இவ்வளவு கவலை? போனில் ஏதாவது எடிட்டிங் ஆப்பில் நிழலை மட்டும் ஏற்றிவிடுங்கள். முகம் வந்துவிடும்.

பொருநைக்கரை:
செய்து பார்த்தேன். முகம் வந்தது, கூடவே பொரி பொரியாகப் புள்ளிகளும் வந்தன. தோல் நிறம் ஈரச் சிமெண்டு மாதிரி ஆகிவிட்டது.

ஸ்டுடியோ அண்ணாச்சி:
தம்பி, லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்தப் பெரியவர் படம் ஒன்றைத் திறந்து அதன் விவரங்களை இங்கே எழுதுங்கள்: அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்), எடுத்த நேரம். நான் பேட்டையில் முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். படத்தைப் பார்ப்பதைவிட அந்த நான்கு எண்களைப் பார்த்தால் எனக்குச் சீக்கிரம் விளங்கும்.

பொருநைக்கரை:
எஃப் 8, 1/1000 வினாடி, ஐஎஸ்ஓ 100. நேரம் 12.20. வெயில் கொளுத்தியது, மேகம் துளியும் இல்லை. அபெர்ச்சரை மட்டும் நான் வைத்தேன், ஷட்டரைக் கேமராவே பார்த்துக்கொண்டது. வெள்ளைச் சமநிலை (ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைத் திருத்துவது) ஆட்டோ. ஜேபெக் கோப்புகள்தான், கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் ரா எடுக்கவில்லை.

ஸ்டுடியோ அண்ணாச்சி:
பாதி விடை கிடைத்துவிட்டது.

ஃபிலிம் காலத்தில் வாய்ப்பாடு மாதிரி ஒரு கணக்கு வைத்திருந்தோம். நிழல் கூர்மையாக விழும் வெயிலில் எஃப் 16 வைத்தால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ 100 என்றால் ஏறத்தாழ 1/100 வினாடி. நீங்கள் எஃப் 8 வைத்திருக்கிறீர்கள். எஃப் 16-இலிருந்து எஃப் 11, எஃப் 8 என்று இரண்டு படி, அதாவது இரண்டு ஸ்டாப், திறந்ததால் படிக்கு இரு மடங்காக ஒளி நான்கு மடங்கு. அப்படியானால் ஷட்டர் 1/400 வந்திருக்க வேண்டும். வந்திருப்பது 1/1000. ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேலே ஒளி குறைந்திருக்கிறது. சூரியன் அன்றைக்கு மட்டும் கூடுதலாக எரிந்திருக்க முடியாது. கேமராவைக் குறைக்கச் சொன்னது யாரோ ஒருவர்தான். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும், அதை அழுத்தி முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பொருநைக்கரை:
அண்ணாச்சி, −1.3-இல் நிற்கிறது!

இப்போது நினைவு வருகிறது. உப்பளத்தில் திரையைப் பார்க்கவே கண் கூசியது. உப்பு வெளுத்துப்போய்விடும் என்று பயந்து நான்தான் கீழே இறக்கினேன். அதைத் திருப்பி வைக்காமலே திருச்செந்தூர், தேரி என்று சுற்றியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஸ்டுடியோ அண்ணாச்சி:
வெட்கப்பட வேண்டாம். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் படத்தை லென்ஸ் மூடியோடு எடுத்தவன் நான்.

ஆனால் உப்பளத்தில் செய்ததும் தலைகீழ். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்கு உப்பும் தெரியாது, கரியும் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல், அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் பொருள் என்று எண்ணிக்கொள்ளும். வெள்ளை உப்பைக் காட்டினால் தானாகவே இருட்டாக்கிச் சாம்பலுக்கு இறக்கிவிடும். அதற்கு மேல் நீங்களும் −1.3 இறக்கினீர்கள். உப்புக்கு +1-இல் தொடங்கி, வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதா என்று ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பார்க்க வேண்டும். திரையை நம்பாதீர்கள். உப்பள வெயிலில் எந்தத் திரையும் பொய்தான் சொல்லும்.

தேரி நிறம் மங்கியது ஆட்டோ வெள்ளைச் சமநிலையின் வேலை. படச்சட்டம் முழுவதும் சிவப்பாக இருந்தால், விளக்கொளிதான் சிவப்பு என்று கேமரா நினைத்து நீலத்தைக் கலந்து "சரி" செய்யும். அந்த மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடின் சிவப்பு. சரி செய்ய அதில் ஒன்றுமில்லை. வெயில் குறியீட்டில் வைத்துவிடுங்கள், சுமார் 5200 கெல்வின். ரா கோப்பாக எடுத்தால் வீட்டுக்கு வந்தும் மாற்றலாம்.

முகத்துக்கு வருகிறேன். −1.3-ஐ நீக்கினாலும் கண் தெரிந்திருக்காது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நடுப்பகல் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நேர்உச்சி கடிகாரத்தில் 12 மணிக்கு வராது, பன்னிரண்டே காலைத் தாண்டி வரும். நீங்கள் எடுத்தது 12.20. வருடத்தில் இதைவிட மோசமான நிமிடத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். நிழல் காலடியில் ஒடுங்கிக் கிடக்கும், புருவமும் முண்டாசும் கண்ணுக்குக் கூரை போட்டுவிடும்.

அந்த நேரத்தில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் அவரை நிழலில் உட்கார வையுங்கள், முன்னால் தரையில் நாலு முழ வெள்ளை வேட்டி ஒன்றை விரியுங்கள். அதன் ஒரு பாதி வெயிலில் கிடக்க வேண்டும். ஒளி கீழேயிருந்து எழும்பிக் கண்ணுக்குள் போகும். தேரியில் வேட்டிக்கு இன்னொரு பயனும் உண்டு. வெறும் மண்ணில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் சிவப்பு. தாடைக்கு அடியில் செம்மண் பூசினாற்போல விழும். வேட்டி அதையும் தடுத்துவிடும்.

முக்கூடலான்:
அப்படியே முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாகவும் ஆக்கிவிட்டால் அவரும் சந்தோஷப்படுவாரே.

ஸ்டுடியோ அண்ணாச்சி:
முப்பது வருடம் அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தேன். இப்போது அந்த ஆல்பங்களைப் பார்த்தால் யார் யாரென்றே தெரியவில்லை. கறுத்த தோலில் அழகே அதன் மினுக்கம். வியர்வை பட்ட நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒளி கோடாக ஓடும். வெளுக்க வைத்தால் அந்தக் கோடு முதலில் சாகும். முகத்தில் மட்டும் ஸ்பாட் மீட்டர் வைத்து அளந்தால், மீட்டர் அதையும் சாம்பலுக்கு ஏற்றப் பார்க்கும். அங்கே −0.7 வையுங்கள். உங்கள் கழித்தலுக்கு இடம் அதுதான்.

குற்றாலச்சாரல்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். குற்றாலத்தில் விடுதி அறையைவிட்டு வெளியே வந்ததும் என் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்துவிடுகிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது. இதுவும் பொத்தான் கோளாறா?

ஸ்டுடியோ அண்ணாச்சி:
இல்லை. ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியில் வெளி ஈரம் படிகிறது. பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். இரவில் கேமராவை ஏசி இல்லாத இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

பனங்கிழங்கு:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அப்பா தேரிப் பக்கம் பனையேறி. அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், அண்ணன் பொறுத்துக்கொள்ளவும்.

கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டி, காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறிப் பாளை சீவ வேண்டும். முப்பது மரம் என்றால் ஒரு நாளைக்கு அறுபது ஏற்றம். அப்பா விடியுமுன்னே தொடங்குவார். உச்சி வெயிலில் அவர் மரத்தடியில் நிற்கிறார் என்றால் அது அவர் கால் நீட்டும் நேரம். அந்த நேரத்தில் கேமராக்காரர்கள் வந்து, "ஒரே ஒரு தடவை ஏறிக் காட்டுங்கள்" என்பார்கள். பிறகு வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை என்பார்கள். மறுக்கத் தெரியாமல் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு மறுபடி ஏறுவார். உங்கள் பெரியவர் ஏன் விறைத்து நின்றார் என்று எனக்குத் தெரியும். ஓய்வைக் கெடுத்தவர் எதிரே யார்தான் சிரிப்பார்கள்?

காலை ஐந்தரைக்கு வாருங்கள். யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. சூரியன் கடல் பக்கமிருந்து தாழ்வாக வரும், அப்பா இடுப்பில் பாளை அரிவாளோடு தன்பாட்டில் ஏறிக்கொண்டிருப்பார். முதல் நாள் மாலையே வந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. எல்லோரும் மரத்தில் இருப்பவரைத்தான் எடுக்கிறார்கள். விடிலிக்குள், அந்த ஓலைக் குடிசைக்குள், நின்று பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது அம்மா. எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவின் படம் பதினோரு பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள். அம்மாவின் படம் ரேஷன் அட்டையில் இருப்பது ஒன்றுதான். பதினோரு பேரில் பிரதி அனுப்பியவர் யாரும் இல்லை.

ஸ்டுடியோ அண்ணாச்சி:
நான் எழுதிய கணக்கையெல்லாம்விட இது முக்கியம், மகளே. விடிலிக்குள் ஒரு வாசல்தான் இருக்கும், அதுதான் உங்கள் விளக்கு. ஃபிளாஷ் போட்டால் புகையெல்லாம் வெள்ளைத் திரையாகிவிடும். ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றி, லென்ஸ் திறக்கும் அளவு திறந்து, வாசலுக்குப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். வாசலை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், எல்லோரும் செய்வது அதைத்தான்.

மணல் பற்றி ஒரு வரி: தேரியில் லென்ஸ் மாற்றவே கூடாது. மண் ஒட்டினால் ஊதுகுமிழால் ஊதுங்கள், துண்டால் துடைத்தால் கண்ணாடியில் கோடு விழும்.

பொருநைக்கரை:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நாற்பது படத்தில் சுமாரான ஒன்றை அச்செடுத்துக்கொண்டு முதல் நாள் மாலை அதே பெரியவரிடம் போனேன். படத்தை நீட்டியதும் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முகம் எங்கே?" என்று கேட்டார். அதற்காகத்தான் திரும்ப வந்தேன் என்றேன். சிரித்துவிட்டார். அப்போது கேமரா பையில் இருந்தது.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கெல்லாம் நான்காவது மரத்தில் இருந்தார். கீழே இருந்து எடுத்தால் வானத்துக்கு எதிரே முகம் கறுக்கும் என்பதால் கிழக்கே போய், மணல் மேட்டில் ஏறி நின்றுகொண்டேன். அவர் கண் உயரத்துக்கு வரவில்லை, ஆனால் பாதி மரத்துக்கு வந்துவிட்டேன். சூரியன் எழுந்ததும் வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் முகத்தில் விழுந்தது. வெள்ளைச் சமநிலை வெயில் குறியில், முள் பூஜ்யத்தில். முள்ளை நான்கு முறை பார்த்துக்கொண்டேன். தேரி தேரியாக வந்திருக்கிறது.

எட்டு மணிக்கு ஓலைப் பட்டையில் பதநீர் கொடுத்தார்கள். விடிலிக்குள் அவர் மனைவியை எடுக்கலாமா என்று கேட்டேன். தலையைத் துவட்டிவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குக் கிளம்பினார். வேலையில் இருப்பதுபோலவே போதும் என்றேன். "இந்தக் கோலத்திலா?" என்று பெரியவரைப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்தார். பாகு பதத்துக்கு வந்துவிட்டதால் அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. அந்த அம்மா அகப்பையால் எடுத்துச் சிரட்டைகளில் ஊற்றத் தொடங்கினார். ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, 1/60. புகைக்குள் வாசல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் நின்றது. ஏழு படம்தான் எடுத்தேன். ஏழில் இரண்டு ஆடிப்போய்விட்டன.

திருநெல்வேலிக்கு வந்து பெரிய அளவில் இரண்டு பிரதி போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பனங்கிழங்கு:
அண்ணன், அந்த வழியில்தான் எங்கள் வீடும். காலையில் வந்தால் அம்மாவும் இருப்பாள்.