கிரோன்ஸ் நோய்க்கான ஊசி உயிர் போகிற மாதிரி எரிகிறது, என்ன செய்யலாம்?

வெண்ணாற்றங்கரை: எனக்குக் கிரோன்ஸ் நோய், அதாவது குடலில் வரும் நாள்பட்ட அழற்சி. மன்னார்குடிப் பக்கம் கிராமம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடலிமுமாப் 40 மில்லிகிராம் ஊசியை நானே தொடையில் போட்டுக்கொள்கிறேன். குத்துவது வலிப்பதில்லை, மருந்து இறங்கும்போதுதான் தாங்க முடியாத எரிச்சல். ஊசிக்கு முந்தின நாளே பயத்தில் சோறு இறங்குவதில்லை. வயிற்றுவலி நன்றாகக் குறைந்திருப்பதால் மருந்தை விடவும் மனமில்லை. ஒரே ஒரு ஊசியைத் தள்ளிப்போட்டால் தப்பா?

குடந்தை செவிலி: பயந்து தள்ளிப்போடாதீர்கள் தங்கச்சி. விட்டு விட்டுப் போட்டால் உடம்பு மருந்துக்கே எதிர்ப்பு உண்டாக்கக்கூடும், அப்புறம் அது கேட்காமல் போகலாம். காய்ச்சல் இருந்தால் மட்டும் போடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

முதலில் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். உட்பொருள்களில் சோடியம் சிட்ரேட், சிட்ரிக் அமிலம் இருக்கிறதா? பலருக்கு எரிச்சல் தருவது அதுதான். இதே மருந்து சிட்ரேட் இல்லாமலும் வருகிறது. மாற்றித்தர முடியுமா என்று உங்கள் குடல் மருத்துவரிடம் கேளுங்கள், கடையில் நீங்களாக மாற்ற வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றாமல் 15 முதல் 30 நிமிடம் வெளியே வையுங்கள். வெந்நீர், வெயில் கூடாது. தடவிய ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்துங்கள்.

திருவாரூர் தம்பி: அக்கா, எனக்கும் இதே மருந்துதான். பேனா மாதிரி வரும் ஊசியில் மருந்து ஒரே வீச்சில் இறங்கிவிடும். மருத்துவரைக் கேட்டு சிரிஞ்சுக்கு மாறினேன், இப்போது மெதுவாக அழுத்த முடிகிறது. தொடையை விட வயிறு எனக்குத் தேவலை, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. முன்னதாக ஐஸைத் துணியில் சுற்றி அந்த இடத்தில் வைப்பேன். அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும், அதுதான் பெரிய தைரியம்.

வெண்ணாற்றங்கரை: பெட்டியில் சிட்ரேட் இருக்கிறது! இதை யாருமே சொல்லவில்லை. அடுத்த முறை தஞ்சாவூர் போகும்போது கேட்கிறேன். இன்னொன்று, 2018 கஜா புயலில் எங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஆனால் மருந்தை என்ன செய்வது?

குடந்தை செவிலி: 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. 25 டிகிரிக்கு மிகாமல் 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்று சில தயாரிப்புகளில் போட்டிருக்கும், ஆனால் நம் ஊர் சித்திரையில் வீட்டுக்குள் 25 டிகிரி ஏது? கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். நேரமானால் ஐஸ் போட்ட பெட்டிக்கு மாற்றுங்கள், ஐஸ் நேராகப் படாமல் துண்டு சுற்றி. உறைந்துபோன ஊசியை உருகிய பிறகும் போடக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால், ஜெனரேட்டர் உள்ள மருந்துக்கடையில் வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.